கிட்னி கெட்டால் முதுகு ஏன் அரிக்கிறது?

ஒரு பந்தயம் கட்டலாமா? இந்தக் கட்டுரையைப் படித்து முடிப்பதற்குள் குறைந்தபட்சம் மூன்று தடவையாவது நீங்கள் எங்கேயாவது சொறிந்துகொள்வீர்கள். காது மடல், பிடரி, முழங்கை... இடம் உங்கள் சௌகரியம். ஆபீஸில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் மட்டும் மேனேஜர் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொள்ளுங்கள்.

கொட்டாவி மாதிரிதான் ஸார் அரிப்பும். தொற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் சில டாக்டர்கள் அரிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்தார்கள். கேட்க வந்த ஜனங்களை கேமரா வைத்துப் படமும் பிடித்தார்கள். தெள்ளுப்பூச்சி, சொறிந்த தழும்பு என்று திரையில் படம் ஓட ஓட, கூட்டம் கையைக் காலைச் சொறிய ஆரம்பித்துவிட்டது. அப்புறம் குழந்தையின் சருமம், குளிக்கிறவர்கள் என்று காட்டியதும் சொறிவது குறைந்துவிட்டது. 2000-ம் ஆண்டில் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே போட்டுவிட்டார்கள். நம் ஊரிலோ ஒருத்தன் சொறிந்தால் அது காமெடி ட்ராக். 'சொறி பிடித்தவன்' என்பது வசவு. வியாதிகளிலேயே மரியாதை இல்லாத வியாதி இதுதான். இதய நோயாளிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். அரிப்புக்காரனைப் பார்க்க யாராவது போயிருக்கிறோமா?

என் பெரியம்மா பையனுக்கு 41 வயது. நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பி.பி. இருப்பது தெரியாமலே பல வருஷம் ஓட்டியவர். தலைவலி வரும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, 'வேலை டென்ஷன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒருநாள் முகம் வீங்கியது, கால் வீங்கியது. ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "இத்தனை நாள் எப்படிங்க நடமாடினீங்க?" என்று கேட்டாராம். இரண்டு கிட்னியும் அவுட். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

அண்ணனுக்குத் தைரியம் ஜாஸ்தி. கையில் அவ்வளவு பெரிய ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிரிக்கெட் பேசுவார். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்ற ரேஷனைக்கூட, "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க அண்ணிகிட்ட ரேஷன்ல இருந்து பழகினவன்டா நான்" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் உடைந்து போனார்.

அரிப்பு.

தடிப்பு கிடையாது, கொப்புளம் கிடையாது. தோலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை; அவரே சொறிந்த கீறல்கள்தான். முதுகில் ஆரம்பிக்கும். தோளுக்கு வரும். கால், வயிறு, சில நாள் தலை. பகலில் லாரி நம்பர், வாடகை பாக்கி என்று கவனம் ஓடும்போது அடங்கிக் கிடக்கும். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். மர ஸ்கேல், சீப்பு, தென்னந்துடைப்பக் குச்சி என்று கட்டிலுக்கு அடியில் ஒரு ஆயுதக் கிடங்கே வைத்திருந்தார். இரண்டு மணிக்கு எழுந்து, வாசல் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பாராம். அண்ணி சொல்லி அழுதது: "எருமை மரத்துல உரசுற மாதிரி நிக்கிறாருப்பா. பார்க்கவே முடியலை."

ஆபீஸில் இன்னும் மோசம். பக்கத்து சீட்காரர் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டார். அடுத்த வாரம் அண்ணனின் டீ டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. "கிட்னி போச்சுன்னு தெரிஞ்சப்போ எல்லாரும் தோள்ல கை போட்டுப் பேசினாங்கடா. இப்போ அந்தத் தோள்பட்டையைத் தொட பயப்படறாங்க."

மூன்று களிம்பு மாற்றியாயிற்று. ஒரு பவுடர். செட்ரிசின் மாத்திரை. ம்ஹூம்! அப்போதுதான் ஒரு லாரி டிரைவர் சொன்னார்: "கொல்லிமலைக்குப் போங்க ஸார். சித்தருங்க இருந்த மலை. அங்கே இல்லாத மூலிகையா?"

டயாலிசிஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல்லில் பஸ் ஏறினோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளியில் மலை ஆரம்பிக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் பத்து வரை எண்ணினேன். இருபதில் வயிறு வேண்டாம் என்றது. கொல்லிப்பாவை சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடும் என்று பழங்கதை சொல்கிறார்கள். இந்த வளைவுகளிலேயே பாதிப் பேர் மயங்கியிருப்பார்கள் என்பது என் ஆராய்ச்சி!

மேலே போனதும் மிளகுக் கொடி, காபிச் செடி, அன்னாசி, மலை வாழை. எல்லாவற்றையும் மீறிக்கொண்டு பலாப்பழ வாசனை. கொல்லிமலைப் பலாவை வாங்காமல் திரும்புகிறவன் மனுஷனே இல்லை. ஆனால் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார். காரணம் இருக்கிறது. பலாவிலும் வாழையிலும் பொட்டாசியம் நிறைய. நம் கிட்னி அதை அலட்டிக்கொள்ளாமல் சிறுநீரில் தள்ளிவிடும். கிட்னி இல்லாதவருக்கு ரத்தத்திலேயே தங்கி, அளவு மீறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த மலையில் டயாலிசிஸ்காரர் ஒருவர் நடப்பது, சர்க்கரை நோயாளி அல்வாக் கடையில் வேலை பார்ப்பது மாதிரிதான்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தோம். "ஆகாய கங்கையில குளிங்க, தோல் வியாதி பறந்துடும்" என்றார் ஒருவர். ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறணும். அண்ணன் கும்பிடு போட்டுவிட்டார். வழியிலேயே மூலிகைக் கடை.

"அரிப்புக்குங்களா? இந்தப் பொடி. நாப்பத்தெட்டு நாள் வெந்நீர்ல."

"என்னென்ன இருக்குங்க இதுல?"

"பதினெட்டு மூலிகைங்க."

"பேரு?"

"அதைச் சொல்லிட்டா நாளைக்கு நீங்க பக்கத்துலயே கடை போட்டுடுவீங்களே!"

பதிலை ரசித்தேன். பொடியை ரசிக்க முடியவில்லை. அண்ணன் ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டார்.

கீழே இறங்கும் பஸ்ஸில்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகர் வருகிறார். அறுபது வயசு இருக்கும். மலைக்காரர். (இங்கே உள்ள பழங்குடி மக்களை 'மலையாளி' என்பார்கள். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மலையை ஆளுகிறவர்கள்.) எங்கள் பின் சீட். அண்ணன் வழக்கம்போல ஜன்னல் கம்பியில் முதுகை ஒரு தினுசாக உரசிக்கொண்டே வந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முன்னால் குனிந்தார்.

"ஏனுங்க தம்பி... டயாலிசிஸுங்களா?"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படிங்க ஐயா தெரிஞ்சுது?"

"கையில பிளாஸ்திரி பார்த்தேன். முதுகு கம்பியில போறதையும் பார்த்தேன். ரெண்டையும் கூட்டிக்கிட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். அதே இடத்தில் அதே புடைப்பு. "எனக்கு நாலு வருசமாச்சுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை கீழே போகோணும். போக எழுவது, வர எழுவது. வாரத்துக்கு எரநூத்தி எம்பது வளைவு!"

"நாளைக்குக் காலையில டயாலிசிஸ். மகள் வீட்ல ராத்திரி தங்கிட்டுப் போயிருவேன்" என்றவர், மழைக் காலத்தில் பஸ் வராமல் ஒரு தடவை தவறிவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னார். "அடுத்த நாள் ராத்திரி உடம்பு பூரா எறும்பு விட்ட மாதிரி இருக்குமுங்க. மெசினுக்குப் போகலைன்னு தோலே வந்து சொல்லும்."

"இப்பவும் அரிக்குதுங்களா?"

"இப்ப ரொம்பக் கம்மி. டாக்டர்கிட்ட சொன்ன பொறவு சரிபண்ணிட்டாங்க. நீங்க சொல்லிட்டீங்கல்ல?"

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாற்பதாவது வளைவோ என்னவோ. "இல்லீங்க" என்றார். "உசிரு போற வியாதின்னு போய்ப் படுத்துட்டு, எனக்குச் சொறியுதுன்னு எப்படிச் சொல்றது?"

பெரியவர் சிரித்தார். "நானும் ரெண்டு வருசம் இதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

இவர்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைக்காதீர்கள். 12 நாடுகளில், முந்நூறுக்கும் மேற்பட்ட மையங்களில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 18,801 பேரைக் கேட்டு, 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 42 சதவிகிதம் பேருக்கு நடுத்தரத்திலிருந்து மிகக் கடுமையான அரிப்பு வரை இருந்தது. ஐந்தில் இரண்டு பேர்! அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த அளவுக்கு அரிப்பு உள்ளவர்களிடையே இறப்பும் 17 சதவிகிதம் கூடுதல். அரிப்பு ஆளைக் கொல்லுமா? தூக்கத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. சொறிவதை விடுங்கள், சொறிந்துகொண்டு விழித்திருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

2017-ல் இன்னோர் ஆய்வு. எப்போதும் அல்லது கிட்டத்தட்ட எப்போதும் அரிப்பால் அவதிப்படுகிறவர்களில்கூட 17 சதவிகிதம் பேர் அதை யாரிடமும் சொல்லவே இல்லையாம். டாக்டர்கள் பக்கமும் பார்த்தார்கள். டயாலிசிஸ் மையங்களின் தலைமை டாக்டர்களில் 69 சதவிகிதம் பேர், தங்கள் மையத்தில் எத்தனை பேருக்கு அரிப்பு இருக்கிறது என்பதைக் குறைத்தே எடை போட்டிருந்தார்கள். அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. நடுவில் முதுகு மாட்டிக்கொண்டது.

அடுத்த டயாலிசிஸுக்கு அண்ணனோடு நானும் போனேன். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் இளைஞர். "அரிப்பா? எத்தனை நாளா? ஏன் ஸார் சொல்லலை?" என்று அவர் கேட்ட வேகத்தில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. பூஜ்யத்துக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு மார்க் போடச் சொன்னார். அண்ணன் போட்டது 9. பள்ளிக்கூடத்தில் கணக்கில்கூட அவர் இவ்வளவு மார்க் எடுத்ததில்லை.

முதலில் வேறு எதுவும் இல்லையே என்று பார்த்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தது சொறிச்சிரங்குப் பூச்சிக்காக. மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் சி ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். ஈரல் கெட்டாலும் இப்படி அரிக்கும். ஊசி குத்திய சில நிமிஷத்திலேயே அரிக்கிறதா என்று கேட்டார். அப்படியென்றால் மெஷினில் இருக்கும் வடிகட்டியோ ரத்தம் உறையாமல் கொடுக்கும் மருந்தோ ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாமாம். எதுவும் இல்லை. "அப்போ இது கிட்னி அரிப்புதான்" என்றார்.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். பழைய தமிழ்ப்படக் கொலை மாதிரி, வீட்டில் இருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நம் கிட்னி 168-லும் டியூட்டி பார்க்கிறது. மெஷின்? நாலு மணி வீதம் மூன்று தடவை, ஆக 12. மிச்சம் 156 மணி நேரமும் ரத்தத்தில் குப்பை சேர்கிறது. அதிலும் சின்னத் துகள்களை மெஷின் சுலபமாக வடித்துவிடும். கொஞ்சம் பெரிய மூலக்கூறுகள் வடிகட்டியின் ஓட்டையில் நுழையாமல் தங்கிவிடுகின்றன. இந்தத் தங்கல் சரக்கு ரத்தத்தில் சுற்றச் சுற்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தி எந்நேரமும் கனன்றுகொண்டே இருக்கிறது. தோல் நரம்புகளைச் சீண்டும் ரசாயனங்கள் ஊறிக்கொண்டே இருக்கின்றன. டயாலிசிஸ் நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறவர்களுக்கு ("மூணு மணி நேரம் போதும் ஸார், ஆபீஸ் போகணும்!") அரிப்பு கூடுவது இதனால்தான்.

தோலும் தன் பங்குக்கு வறண்டுவிடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் சுருங்கி, சித்திரை வெயிலில் ஏரி மாதிரி வெடிக்கிறது. வறண்ட தோல் சும்மாவே அரிக்கும்.

பாஸ்பரஸ் விஷயத்துக்கு வருவோம். இதில் நாமக்கல்காரர்களுக்கு ஸ்பெஷல் அக்கறை இருக்கவேண்டும், முட்டை ஊர் ஆச்சே! நம் சாப்பாட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லி கிராமுக்குக் கிட்டத்தட்ட பாஸ்பரஸ் இருக்கிறது. அத்தனையும் உடம்பில் சேராது. சேருகிற பங்கை கிட்னி அன்றன்றைக்கு வெளியே தள்ளும். டயாலிசிஸ் மெஷினோ ஒரு தடவைக்கு 800 முதல் 1,000 மில்லி கிராம் வரைதான் எடுக்கும். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். வரவு அதிகம், செலவு கம்மி. (நம் மாதச் சம்பளத்துக்கு நேர் எதிர்.) தங்கிப்போன பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து ரத்தக் குழாயிலும் தோலிலும் படிகிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் நாலு சுரப்பி இருக்கிறது, பாராதைராய்டு. அது பதறிப்போய் ஹார்மோனை ஊற்றுகிறது. 1968-லேயே அமெரிக்க டாக்டர்கள், தாங்க முடியாத அரிப்பு உள்ள கிட்னி நோயாளிகளுக்கு இந்தச் சுரப்பியில் பெரும்பகுதியை ஆபரேஷன் செய்து எடுத்தபோது, அரிப்பு நின்றதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மர்மம் தீர்ந்தது என்றுதான் அப்போது நினைத்தார்கள். தீரவில்லை. ஹார்மோன் சரியாக இருந்தும் சொறிகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்பரஸ் எகிறியும் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் டாக்டர்கள் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். அரிப்புக்காக இல்லாவிட்டாலும் எலும்புக்கும் இதயத்துக்கும் அது முக்கியம்.

அண்ணனின் ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் 7.9. சாதாரண ஆளுக்கு 4.5-க்கு மேல் போகாது. டயாலிசிஸ்காரர்களை 5.5-க்குள் வைக்கப் பார்ப்பார்கள்.

"பாஸ்பரஸ் மாத்திரை எழுதியிருக்கேனே, சாப்பிடறீங்களா?"

"தவறாம ஸார். ராத்திரி படுக்கும்போது மூணையும் ஒண்ணா போட்டுடுவேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த மாத்திரை ரத்தத்தில் போய் வேலை செய்கிற ஜாதி இல்லை. சாப்பாட்டோடு வயிற்றில் கலந்து, அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடுகிற ஜாதி. சாப்பாடே இல்லாத வயிற்றில் அது யாரைப் பிடிக்கும்? பந்தி முடிந்து இலை எடுத்தபிறகு வந்த விருந்தாளி மாதிரி முழித்துவிட்டுப் போயிருக்கும்.

முட்டைக்கு வருகிறேன். மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம். வெள்ளைக் கருவில் நல்ல புரதம். பாஸ்பரஸ் ரொம்பக் கொஞ்சம். டயாலிசிஸ்காரருக்குப் புரதம் கட்டாயம் வேண்டும் என்பதால், வெள்ளைக் கருவைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். இன்னொரு சங்கதி. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பாஸ்பரஸ், பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. நம் குடலிடம் அந்தப் பூட்டுக்குச் சாவி இல்லை. அதனால் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை. ஆனால் பாக்கெட் பண்டங்களில் கெடாமல் இருக்கப் போடுகிறார்களே பாஸ்பேட் உப்பு, அது கிட்டத்தட்ட மொத்தமும் சேர்ந்துவிடும். கறுப்புக் கோலா பானங்களில் பாஸ்பாரிக் ஆசிடே இருக்கிறது. மலைக்காரப் பெரியவர் சாப்பிடுவது சாமைச் சோறு. அண்ணன் ஆபீஸில் சாயங்காலம் சாப்பிடுவது சீஸ் பிஸ்கட்டும், தாகத்துக்கு 'ரெண்டே மடக்கு' கோலாவும்!

கடைசி சந்தேக நபர், மூளையும் நரம்பும். உடம்புக்குள்ளேயே அபின் மாதிரியான சரக்கு சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ள நரம்பில் பல வாசல்கள். ம்யூ என்ற வாசல் திறந்தால் அரிப்பு ஏறும். கப்பா என்ற வாசல் திறந்தால் அடங்கும். லாரி பாஷையில் சொன்னால் ஒன்று ஆக்ஸிலேட்டர், இன்னொன்று பிரேக். கிட்னி கெட்டவர்களுக்கு ஆக்ஸிலேட்டர் அழுந்தி, பிரேக் தேய்ந்து போகிறது என்பது இன்றைக்கு வலுவாகப் பேசப்படும் காரணம். கொல்லிமலையில் அப்படி ஒரு லாரி இறங்கினால் எப்படி இருக்கும்? செட்ரிசின் ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரிகிறது. அது ஹிஸ்டமின் என்ற சரக்கைத் தடுக்கிற மருந்து. இந்த அரிப்பில் ஹிஸ்டமின் துணை நடிகர்தான். மாத்திரை போட்டால் கொஞ்சம் தூக்கம் வரலாம், அவ்வளவே.

இந்த பிரேக்கைப் பிடிக்கிற மருந்து ஒன்றுக்கு ஜப்பானில் 2009-ல் அனுமதி கிடைத்தது, நால்ஃபுராஃபின். டயாலிசிஸ் முடியும்போது போடுகிற டைஃபெலிகெஃபாலின் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2021 ஆகஸ்ட்டில் அனுமதி. நம் ஊர் டாக்டர்கள் சாதாரணமாக எடுப்பது, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் உள்ள கபாபென்டின். துருக்கி டாக்டர்கள் 2004-ல் டயாலிசிஸ்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகப் பெயர் சொல்லி வாங்கிவிடாதீர்கள். இந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிட்னி இல்லாதவர் மற்றவர்கள் சாப்பிடும் அளவில் போட்டால் அது உள்ளேயே தங்கி, குடிக்காமலே தள்ளாடுவார், உளறுவார். டயாலிசிஸுக்குப் பிறகு, துளியூண்டு அளவில், டாக்டர் எழுதினால் மட்டும். மருந்துக்கு அடங்காதவர்களுக்குப் புற ஊதாக் கதிர் வைத்தியமும் உண்டு. 1977-லேயே பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டர் மோந்து பார்த்தார். "சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லலை. இதுல என்ன இருக்குன்னு யாராலயாவது சொல்ல முடியுமா?" முடியாது என்பது கடைக்காரர் வாக்குமூலம். டாக்டர் சொன்ன விஷயம் அண்ணனின் முகத்தை வெளுக்க வைத்தது. 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில், உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் கொடுத்த மருந்தில் தவறான சீன மூலிகை கலந்துவிட்டது. நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், கிட்னி கெட்டது. 1993-ல் மருத்துவ உலகத்துக்கு அது தெரியவந்தது. அந்த மூலிகையில் இருந்த விஷம் அரிஸ்டோலோகிக் அமிலம். புற்றுநோயும் வரவழைக்கும். நம் ஊர் ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே குடும்பத்துச் செடிகள்தான். ஆடே தீண்டாததை நாம் ஏன் ஸார் தீண்ட வேண்டும்? அண்ணனின் பொட்டலத்தில் அது இருந்தது என்று சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஐந்நூறு ரூபாய் குப்பைக் கூடைக்குப் போனது. (அண்ணி பிற்பாடு அதற்காக இரண்டு நாள் பேசவில்லை. பொடிக்காக அல்ல, ஐந்நூறுக்காக.)

மாற்றங்கள் ஒன்றும் பிரமாதமில்லை. டயாலிசிஸ் நேரத்தில் அரை மணி கூட்டினார்கள். பாஸ்பரஸ் மாத்திரை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. கோலா நின்றது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது அண்ணனுக்குப் பிடித்தமானது. அந்த நேரம் சுகமாக இருக்கும், அப்புறம் தோல் இன்னும் வறண்டு பழிவாங்கும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீர். துவட்டிய ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க தேங்காய் எண்ணெய். நகத்தை ஒட்ட வெட்டினார். டயாலிசிஸ் முடிந்த ராத்திரிகளில் ஒரு சின்ன மாத்திரை. இரண்டு மாசத்தில் ஒன்பது மார்க், நாலுக்கு இறங்கியது. பூஜ்யம் ஆகவில்லை. மாற்றுக் கிட்னி பொருத்தினால் பெரும்பாலும் போய்விடும் என்கிறார்கள். அதற்காகத் தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்து, வரிசையில் காத்திருக்கிறார்.

பெரியவருக்கு வேறொரு யோசனை. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே திரவம் மாற்றிக்கொள்ளும் டயாலிசிஸ் இருக்கிறது. 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். அதிலும் அரிப்பு வரலாம். ஆனால் வாரத்துக்கு 280 வளைவு மிச்சம். "பொண்ணு பயப்படுதுங்க தம்பி, சுத்தமா வெச்சுக்கோணுமாமே" என்று யோசிக்கிறார். டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

ஆபீஸில் அண்ணன் ஒரு காரியம் செய்தார். தனி டம்ளரை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து சீட்டுக்குப் போய், "இது தொத்து வியாதி இல்லை ஸார். கிட்னி பண்ற வேலை" என்று டாக்டர் சொன்னதையெல்லாம் பத்து நிமிஷம் ஒப்பித்திருக்கிறார். ஆக்ஸிலேட்டர், பிரேக் எல்லாம் உட்பட. அவர் கேட்டுவிட்டு மெதுவாக, "எங்க மாமனாருக்கும் டயாலிசிஸ்தான். மதுரையில. அவரும் முதுகைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பாரு. நாங்க திட்டுவோம்..." என்றாராம். நாற்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அண்ணனும் பெரியவரும் இப்போது போன் நண்பர்கள். மாசம் பிறந்து ரத்த ரிசல்ட் வந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். போன மாசம் நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"எனக்கு 5.3 ஐயா. உங்களுக்கு?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"6.4 தம்பி... பேத்தி கல்யாணம். ஐஸ்கிரீம் ரெண்டு கப்பு."

"ரெண்டா?"

"மூணு."